உப்புக் காற்றும் கரண்ட்டும்

கடலோர நேயர்கள் எல்லோருக்கும் வணக்கம். பாம்பன், தங்கச்சிமடம், மண்டபம் பக்கத்து வீடுகளில் வயரிங் வேலை பார்ப்பவன் நான். மின்சாரத்தின் அடிப்படையைப் பற்றிப் பேசச் சொன்னார்கள். நம் கரையில் கரண்ட்டைப் பற்றிப் பேசினால் உப்பைப் பற்றியும் பேசித்தான் ஆக வேண்டும்.

முதலில் அடிப்படை. செம்புக் கம்பிக்குள் எலக்ட்ரான்கள் எப்போதும் நிறைந்தே கிடக்கின்றன. அவற்றைத் தள்ளுகிற அழுத்தம் வோல்ட். ஒரு நொடியில் எவ்வளவு மின்னூட்டம் கடந்து போகிறது என்பது ஆம்பியர். வழியில் இருக்கிற தடை ஓம். வோல்ட்டை ஓமால் வகுத்தால் ஆம்பியர் கிடைக்கும். ஜெர்மனியின் ஜார்ஜ் ஓம் 1827-இல் வெளியிட்ட கணக்கு இது. இன்றைக்கும் எங்கள் தொழில் இதை வைத்துத்தான் நடக்கிறது.

ஸ்விட்சைப் போட்டதும் டிரான்ஸ்பார்மரிலிருந்து எலக்ட்ரான் ஓடிவந்து பல்பில் ஏறுவதாகப் பலரும் நினைக்கிறார்கள். அப்படி இல்லை. கரைவலை இழுக்கும்போது பாருங்கள், கரையில் கயிற்றைப் பிடித்து இழுத்த உடனே இழுப்பு வலையில் தெரியும், ஆனால் கயிறு மெதுவாகத்தான் நகரும். கம்பிக்குள்ளும் அதே கதைதான். நம் வீட்டுக்கு வருவதோ மாறுதிசை மின்சாரம். நொடிக்கு 50 முறை முன்னும் பின்னும் தள்ளப்படுவதால் எலக்ட்ரான்கள் இருந்த இடத்திலேயே அசைந்துகொண்டிருக்கின்றன.

அடுத்தது, கரண்ட் எப்போதும் ஒரு சுற்று வந்தாக வேண்டும். ஃபேஸ் கம்பியில் வந்தது நியூட்ரல் கம்பி வழியாக டிரான்ஸ்பார்மருக்கே திரும்பிப் போகும். திரும்ப வழியில்லை என்றால் ஓட்டமும் இல்லை. ஒற்றைக் கம்பியில் உட்கார்ந்திருக்கிற காக்கைக்கு ஒன்றும் ஆகாததற்கு அதுதான் காரணம். ஆனால் டிரான்ஸ்பார்மரின் நியூட்ரலை மண்ணோடு இணைத்து வைத்திருக்கிறார்கள். அதனால் நாம் நிற்கிற தரையும் ஒரு திரும்பும் வழி. ஈர மணலில் வெறுங்காலோடு நின்று ஃபேஸைத் தொட்டால், நம் உடம்பு வழியாகச் சுற்று முழுமையாகிவிடும்.

இனி உப்பு. சுத்தமான தண்ணீர் மின்சாரத்தை அவ்வளவாகக் கடத்தாது. கடல் நீரில் லிட்டருக்குச் சுமார் 35 கிராம் உப்பு கரைந்திருக்கிறது. அது சோடியம், குளோரைடு அயனிகளாகப் பிரிந்து மின்னூட்டத்தைச் சுமந்து போகிறது. காய்ந்த உப்போ கடத்தாது. இந்த வித்தியாசத்தைக் கம்பத்தில் கம்பியைத் தாங்குகிற பீங்கானில் பார்க்கலாம். மழையில்லாத மாதங்களில் கடல் காற்று அதன் மேல் உப்பைப் படியவைத்துக்கொண்டே இருக்கும். ஒன்றும் ஆகாது. அப்புறம் ஒரு நாள் பனி இறங்கும், இல்லை லேசாகத் தூறும். அந்த உப்பு நனைந்ததும் பீங்கானின் மேலேயே கரண்ட்டுக்கு வழி கிடைத்துவிடும். இருட்டில் 'ஸ்ஸ்' என்ற சத்தத்தோடு நீலமாகப் பொறி ஓடும், கடைசியில் லைன் டிரிப் ஆகிவிடும். பெருமழை பெய்தால் உப்பு கழுவிப் போய்விடும். வில்லங்கமெல்லாம் தூறலில்தான். "சின்னத் தூறலுக்கே கரண்ட் போயிருச்சே" என்று கோபப்படுகிறவர்களுக்கு இதைத்தான் சொல்வேன்.

வீட்டுக்குள்ளும் உப்பு சும்மா இருப்பதில்லை. கரையோர வீடுகளில் ஸ்விட்ச் போர்டைத் திறந்தால் செம்பு முனைகளில் பச்சையாகக் களிம்பு ஏறியிருக்கும். அலுமினியக் கம்பியோடு செம்புக் கம்பியை நேரடியாக முறுக்கிவிட்ட இடம் இன்னும் மோசம். அலுமினியம் வெள்ளைப் பொடியாக உதிரும். இரண்டு உலோகம், நடுவே உப்பு ஈரம் என்றால் அது ஒரு பேட்டரி. 1800-இல் வோல்டா துத்தநாகத் தகட்டையும் வெள்ளித் தகட்டையும் மாற்றி மாற்றி அடுக்கி, நடுவே உப்பு நீரில் நனைத்த அட்டையை வைத்துச் செய்த முதல் பேட்டரியின் தத்துவமும் இதுதான். நம் போர்டுக்குள் அந்த பேட்டரி அலுமினியத்தைத் தின்கிறது. இணைப்பு தளர்ந்து தடை கூடும், சூடேறும், கடைசியில் தீப்பிடிக்கும். இந்த இரண்டையும் இணைக்க அதற்கென்றே கனெக்டர் கடையில் கிடைக்கிறது. தயவுசெய்து முறுக்கி டேப் சுற்றாதீர்கள்.

நான் முக்கியமாகச் சொல்ல வந்தது இனிமேல்தான். நன்றாகக் காய்ந்த தோலின் தடை பல ஆயிரம் ஓம் இருக்கும். வலையைக் கையாண்டு உப்பு நீரில் ஊறிய கையென்றால் உடம்பின் தடை ஆயிரம் ஓம் அளவுக்கு இறங்கிவிடும். 230 வோல்ட்டை ஆயிரத்தால் வகுத்தால் 0.23 ஆம்பியர், அதாவது 230 மில்லி ஆம்பியர். இதயத்தை நிறுத்த இது தாராளமாகப் போதும். "வீட்டில் டிரிப்பர் இருக்கிறதே" என்பீர்கள். சாதாரண டிரிப்பர் 6 ஆம்பியர் என்றால் 6000 மில்லி ஆம்பியர் வரைக்கும் அசையாது. அது கம்பியைக் காப்பாற்ற வைத்தது, ஆளைக் காப்பாற்ற அல்ல. ஆளைக் காப்பாற்றுவது ஆர்.சி.சி.பி.; பேச்சுவழக்கில் இ.எல்.சி.பி. என்றும் சொல்வார்கள். போன கரண்ட்டும் திரும்பி வந்த கரண்ட்டும் சரியாக இருக்கிறதா என்று அது பார்த்துக்கொண்டே இருக்கும். 30 மில்லி ஆம்பியர் குறைந்தாலும், எங்கோ மண்ணுக்கு ஒழுகுகிறது என்று கண் இமைக்கும் நேரத்தில் அணைத்துவிடும். கரையோரத்தில் ஒரு வீடுகூட இது இல்லாமல் இருக்கக் கூடாது என்பது என் ஆசை. துணி காயப்போட இரும்புக் கம்பி கட்டுகிற வீடுகள் உடனே மாட்டுங்கள்; ஒழுகுகிற கரண்ட் அந்தக் கம்பியில் ஏறினால் தொட்டவருக்கு ஆபத்து. அந்தக் கம்பியையும் அவிழ்த்துவிட்டு நைலான் கயிறு கட்டுங்கள்.

மாட்டினால் மட்டும் போதாது. அதில் 'டி' என்று ஒரு பட்டன் இருக்கும். மாதம் ஒரு தடவை அழுத்துங்கள், உடனே விழ வேண்டும். விழவில்லை என்றால் உப்பு அதையும் பிடித்துவிட்டது, மாற்றுங்கள். ஒழுகுகிற கரண்ட்டை மண்ணுக்குக் கொண்டுபோகிற எர்த் பைப்பும் மண்ணுக்குள் அரித்துப் போயிருக்கும், அதையும் எலக்ட்ரீஷியனை வைத்து அளந்து பாருங்கள். இன்னொன்று: ஒரு கையில் ஃபேஸ், மறு கையில் நியூட்ரல் என்று பிடித்துவிட்டால், போனதும் வந்ததும் சரியாக இருப்பதால் ஆர்.சி.சி.பி.-க்குத் தெரியாது. அதனால் போர்டைத் திறக்கும் முன் மெயினை இறக்கிவிடுங்கள். நன்றி, வணக்கம்.