முதலில் சேம்பர் மூடியைத் திறங்கள்

வணக்கம். 25 வருஷமாகக் கழிவுநீர்க் குழாயோடு மல்லுக்கட்டுகிறவன் நான். அடைப்பு என்றதும் எல்லோரும் தண்ணீர் தேங்கிய இடத்தைத்தான் குத்துவார்கள். நான் வீட்டுக்கு வெளியே போய்ச் சேம்பர் மூடியைத் தூக்குவேன். சேம்பர் என்றால் வீட்டுக் கழிவுநீர்க் குழாய்கள் வந்து சேரும் சின்னத் தொட்டி.

ஒரு வீட்டில் குளியலறைத் தண்ணீர் இறங்கவில்லை. அடைப்பு நீக்கும் பொடியை 3 தடவை கொட்டியிருந்தார்கள். "சமையலறையில் பாத்திரம் கழுவினால் இங்கே நுரை பொங்குகிறதா?" என்று கேட்டேன். அந்த அம்மா என்னை ஜோசியக்காரனைப் பார்ப்பதுபோலப் பார்த்தார். இதில் ஜோசியம் ஒன்றுமில்லை. ஓர் இடத்தில் மட்டும் தண்ணீர் நின்றால் அந்தக் கிளைக்குழாயில் கோளாறு. அங்கே ஊற்றியது இங்கே பொங்கினால் மெயின் லைனில் கோளாறு. இருப்பதிலேயே தாழ்வான வாய் எதுவோ, அதில்தான் முதலில் வரும். பெரும்பாலும் அது குளியலறைத் தரைதான்.

மூடியைத் தூக்கினால் சேம்பர் நிரம்பி நிற்கிறது. இதை மட்டும் மனதில் வையுங்கள்: சேம்பர் நிரம்பியிருந்தால் அடைப்பு அதைத் தாண்டி, காலியாக இருந்தால் வீட்டுப் பக்கம். கம்பி விட்டு இழுத்தேன். முழ நீளத்துக்கு ஈரச் சடை மாதிரி ஒரு வேர். அதன் இழைகளுக்குள் தலைமுடி, சோப்பு அழுக்கு, வெள்ளையாய் உறைந்த எண்ணெய். பழைய மண் குழாய், ஜாயிண்ட் சிமெண்ட் விட்டிருந்தது. நல்ல குழாயை வேர் உடைக்காது. கசிகிற ஈரத்தைத் தேடி மயிரிழை விரிசலில் நுழைந்து உள்ளே பருத்துவிடும். அவ்வளவு பொடியும் அந்த வேரை ஒன்றும் செய்யவில்லை. தேங்கிய தண்ணீரில் கரைந்து காத்திருந்து என் கையில் தெறித்தது. கொப்பளம் ஆற 10 நாள்.

எண்ணெய் கதை வேறு. சூடாக ஊற்றும்போது ஓடிவிடும்; குழாய்க்குள் ஆறியதும் சுவரில் படியும். அதன் மேல் இன்னொரு படிவு. 4 அங்குலக் குழாய் இப்படித்தான் 2 அங்குலமாகிறது. ஈரத் துடைப்புத்தாள் கரையும் என்று அட்டையில் போட்டிருந்தாலும் நம்பாதீர்கள், நான் முழுசு முழுசாக உருவியிருக்கிறேன்.

வேர் இல்லை, எண்ணெய் இல்லை, மாதாமாதம் அடைக்கிறதா? குழாயின் வாட்டத்தை, அதாவது சரிவைப் பாருங்கள். அடிக்குக் கால் அங்குலம் இறக்கம் வேண்டும். மண் அமுங்கிக் குழாய் நடுவில் தொய்ந்தால், கழிவு அங்கேயே உட்கார்ந்துவிடும். எத்தனை தடவை குத்தினாலும் திரும்ப அடைக்கும். தோண்டித்தான் ஆக வேண்டும்.

நாற்றத்தைப் பற்றி நிறையச் சொல்ல நினைத்திருந்தேன், நேரமாகிவிட்டதென்று ஒலிப்பதிவு அறைக் கண்ணாடிக்கு அந்தப் பக்கம் கையைக் காட்டுகிறார்கள். சுருக்கமாக: புழங்காத குளியலறை நாறினால் நாற்றத்தைத் தடுக்கக் குழாய் வளைவில் நிற்க வேண்டிய தண்ணீர் வற்றியிருக்கும். ஒரு குவளை ஊற்றிப் பாருங்கள். அப்புறம், நான் திறக்கச் சொன்னது சேம்பர் மூடியை. செப்டிக் டேங்க் மூடியை அல்ல. அதிலுள்ள வாயு அழுகிய முட்டை வாடை அடிக்கும். அளவு கூடினால் மூக்கு மரத்து வாடையே தெரியாமல் போகும். எட்டிப் பார்க்கக்கூடத் தலையை உள்ளே விடாதீர்கள். நன்றி, வணக்கம்.