வூகோங்குக்கு அடுத்து பேய்பிடிக்கிறவன்: புதிய பிளாக் மித்திடம் எனக்கு இருக்கிற ஒரே பெரிய ஆசை

[திரை: கறுப்பு. புலி மேல் அமர்ந்து வரும் உருவம், ஓசையில்லாமல்.]

வணக்கம் மக்களே. நிறையப் பேர் கேட்கிற கேள்விக்கு முதலில் பதில் சொல்லிவிடுகிறேன்: பிளாக் மித்: வூகோங் வீடியோ கேமுக்கு இரண்டாம் பாகம் இப்போதைக்கு இல்லை. அதைச் செய்த கேம் சயன்ஸ் அடுத்துச் செய்வது பிளாக் மித்: ஜோங் குயி. அதே வரிசைதான், ஆனால் நாயகன் வேறு, கதை வேறு. 2025 ஆகஸ்டில் ஜெர்மனியின் கொலோன் நகரில் கேம்ஸ்கொம் என்ற வீடியோ கேம் கண்காட்சியின் தொடக்க நிகழ்ச்சியில், எல்லாம் முடிகிற நேரத்தில் ட்ரெய்லரைப் போட்டார்கள். அங்கே 19ஆம் திகதி இரவு, இங்கே கொழும்பில் நள்ளிரவு தாண்டி 20 பிறந்துவிட்டது, அதனால் நம்மில் பலருக்குக் காலையில் எழும்பி போனைத் திறந்தபோதுதான் விஷயமே தெரிந்தது. பாதிப் பேருக்குச் சந்தோஷம், பாதிப் பேருக்குக் கோபம். கோபப்பட்டவர்கள் பக்கமும் நியாயம் இருக்கிறது: குரங்கரசன் கதைக்கு ஒரு டிஎல்சிகூட, அதாவது பிறகு சேர்க்கிற கூடுதல் பகுதிகூட, வராத நேரத்தில், இது யார் புதிதாகத் தாடியும் புலியுமாக?

எனக்கு இது சரியான முடிவு என்றுதான் படுகிறது. ஏன் என்று சொல்கிறேன். கூடவே இந்தக் கேமில் எந்த ஒரு விஷயம் மாறவேண்டும் என்று நினைக்கிறேன் என்பதையும் சொல்கிறேன். மற்றதெல்லாம் சின்னச் சின்ன ஆசைகள், வந்தால் நல்லது, வராவிட்டாலும் விளையாடத்தான் போகிறோம்.

[திரை: வூகோங் காட்சிகள், வேகமாக.]

வூகோங்கை விளையாடாதவர்களுக்காகக் கொஞ்சம். கேம் சயன்ஸ் சீனாவின் ஹாங்சோவில் இருக்கிற ஸ்டுடியோ. முன்பு டென்சென்ட் என்ற பெரிய சீனக் கம்பனியில் வேலை செய்த ஃபெங் ஜி, யாங் சி போன்றவர்கள் 2014இல் தொடங்கியது. 2020 ஆகஸ்ட் 20இல் 13 நிமிட வீடியோ ஒன்றை விட்டார்கள், அதுவரை பேர் தெரியாத ஸ்டுடியோ, உலகமே திரும்பிப் பார்த்தது. சரியாக நான்கு வருடம் கழித்து, 2024 ஆகஸ்ட் 20இல் கேம் வந்தது. மூன்று நாளில் ஒரு கோடிப் பிரதிகள் விற்றன, கணினி கேம்கள் விற்கிற ஸ்டீம் தளத்தில் ஒரே நேரத்தில் 24 இலட்சம் பேர் விளையாடினார்கள். அந்த வருட கேம் அவார்ட்ஸில் சிறந்த அக்ஷன் கேம் விருது கிடைத்தது, மக்கள் வாக்கில் கொடுக்கிற விருதும் கிடைத்தது. வருடத்தின் சிறந்த கேம் விருது மட்டும் ஆஸ்ட்ரோ பொட்டுக்குப் போனது. அதைப் பற்றிச் சண்டை பிடித்தவர்கள் இன்னும் பிடித்துக்கொண்டேதான் இருக்கிறார்கள், நான் அதற்குள் போகவில்லை.

கதை 16ஆம் நூற்றாண்டுச் சீன நாவலான 'மேற்கு நோக்கிய பயண'த்தில் இருந்து வருகிறது. வேதநூல் தேடி இந்தியாவுக்குப் போகும் துறவி, கூடவே போகும் குரங்கு வீரன். அந்தத் துறவிக்கு மூலம் 7ஆம் நூற்றாண்டில் வாழ்ந்த உண்மையான ஆள், சுவான்சாங். காஞ்சிபுரம் வரை வந்தவர், கடல் தாண்டி இலங்கைக்கு மட்டும் வரவில்லை, நம் துரதிர்ஷ்டம். கேம் தொடங்குவது அந்தப் பயணமெல்லாம் முடிந்த பிறகு. வூகோங் வீழ்ந்துவிட்டான், அவன் விட்டுப்போன ஆறு மிச்சங்களைத் தேடி அலைகிற இன்னொரு குரங்குதான் நீங்கள்.

[திரை: மணல் நிறக் கிராமம், எலி வீரர்கள்.]

இப்போது நான் சொல்லவந்த விஷயம். இரண்டாம் அத்தியாயத்தில் மஞ்சள் காற்று மலைத்தொடர் ஞாபகம் இருக்கிறதா? எலிகள் வரும், ஈட்டியோடு பாயும், அடித்துக்கொண்டே போவோம். பிறகு ஓர் எலியரசன் வருவான், அவனுடைய மகன் ஒருவன் பூதம் மாதிரி பெருத்து நிற்பான், இரண்டு பேரையும் ஒரே சண்டையில் முடித்துவிட்டு அடுத்த இடத்துக்கு ஓடுவோம். எல்லாம் முடிந்தபின் மெனுவில் இருக்கிற ஜேர்னலைத் திறந்து, அவர்கள் படத்துக்குப் பக்கத்தில் எழுதியிருப்பதை உட்கார்ந்து படித்தால்தான் தெரியும், அந்த எலிகள் எல்லாரும் ஒரு காலத்தில் மனிதர்கள், அது ஒரு முழு ராச்சியம், நாம் அடித்தது சபிக்கப்பட்ட ஒரு தகப்பனையும் பிள்ளையையும் என்று.

படித்த பிறகு வயிற்றுக்குள் ஏதோ செய்யும். ஆனால் படிக்காமலே கேமை முடித்தவர்கள் எத்தனை பேர் இருப்பார்கள்? வூகோங்கில் எண்பதுக்கு மேல் பொஸ் சண்டைகள், அதாவது பெரிய எதிரிகளோடு மோதுகிற சண்டைகள், இருக்கின்றன, கிட்டத்தட்ட ஒவ்வொன்றுக்கும் ஜேர்னலில் ஒரு சிறுகதை இருக்கிறது, அதில் சிலது கேமின் பிரதான கதையைவிட நன்றாக எழுதப்பட்டது, அதையெல்லாம் கொண்டுபோய் மெனுவுக்குள் வைத்துவிட்டார்கள். கொன்ற பிறகுதான் யாரைக் கொன்றோம் என்று தெரியவருகிறது. இது மாறவேண்டும். யார் என்று முதலில் தெரியவேண்டும், தெரிந்ததற்கு ஏற்ற மாதிரி நான் செய்கிற காரியமும் மாறவேண்டும். என் ஒரே பெரிய ஆசை இதுதான், இதைச் செய்வதற்கு ஜோங் குயியைவிடப் பொருத்தமான நாயகன் சீனப் புராணத்தில் இருப்பானா என்பது சந்தேகம்.

[திரை: ஜோங் குயியின் பழைய ஓவியங்கள். தாடி, உருட்டிய கண், உருவிய வாள்.]

யார் இந்த ஆள்? கதை பல வடிவங்களில் உண்டு, பெரும்பாலும் சொல்லப்படுவது இது. தாங் வம்சக் காலம். ஜோங் குயி மகா படிப்பாளி, அரச பரீட்சையில் முதலாவதாக வருகிறான். ஆனால் முகம் கோரம். அரசன் முகத்தைப் பார்த்துவிட்டுப் பட்டத்தைக் கொடுக்காமல் துரத்திவிடுகிறான். அவமானம் தாங்காமல் அரண்மனைப் படியிலேயே தலையை மோதிச் சாகிறான். பல்கலைக்கழக அனுமதிக்கான இசட் ஸ்கோர் வரும்வரை தூக்கமில்லாமல் கிடந்த எவருக்கும் இந்தக் கதையைத் தனியாக விளக்கவேண்டிய அவசியமில்லை.

அப்புறம்தான் சுவாரசியம். பேரரசர் சுவான்சோங் காய்ச்சலில் படுத்திருக்கும்போது ஒரு கனவு காண்கிறார். ஒரு குட்டிப் பேய் வந்து அவருடைய புல்லாங்குழலையும் அரசியின் வாசனைப் பையையும் திருடுகிறது. உடனே ஒரு பெரிய பேய், அதிகாரி மாதிரி தொப்பியும் உடையுமாக வந்து, அந்தக் குட்டியைப் பிடித்துக் கண்ணைத் தோண்டித் தின்றுவிடுகிறது. யார் நீ என்று கேட்டால் நான்தான் ஜோங் குயி என்கிறது. விழித்தெழுந்தால் காய்ச்சல் போய்விட்டது. வூ தாவோசி என்ற ஓவியரைக் கூப்பிட்டு அந்த உருவத்தை வரையச் சொன்னார் என்பது கதை. அன்றிலிருந்து பேய் அண்டாமல் இருக்க அவன் படத்தை வாசலில் ஒட்டுகிறார்கள், ஜப்பானிலும் ஷோகி என்ற பெயரில் அவன் இருக்கிறான்.

நமக்கு இது அந்நியமே இல்லை. காத்தவராயன் கூத்தைப் பார்த்து வளர்ந்தவர்கள் யாழ்ப்பாணத்தில் இருந்து வந்து வெள்ளவத்தையிலும் கொட்டாஞ்சேனையிலும் எவ்வளவு பேர் இருக்கிறோம்! கழுவில் ஏற்றப்பட்டவன் தெய்வமாகிறான். மலையகத்துப் பக்கம் போனால் மதுரை வீரன், மாறுகால் மாறுகை வாங்கப்பட்டவன், தோட்டத்துக்குக் காவல் நிற்கிறான். அநியாயமாகச் செத்தவன் நின்று காக்கிறான், அவன் முன்னால் பொய் சொல்ல ஆளுக்குப் பயம். இந்த வகைத் தெய்வத்துக்கு நாம் பழக்கப்பட்டவர்கள், அதனால்தான் அனுமானை நினைத்துக்கொண்டு வூகோங்கை விளையாடிய பலர் இந்தப் புதிய ஆளோடு இன்னும் சீக்கிரமாக ஒட்டிக்கொள்வார்கள் என்று எனக்கு ஒரு நம்பிக்கை.

ஜோங் குயி வெறும் பேய்கொல்லி இல்லை என்பதைக் கவனியுங்கள். அவனே ஒரு பேய். பேய்களின் அரசன் என்றே அவனைச் சொல்வதுண்டு, அவனுடைய பரிவாரம் முழுக்கப் பேய்கள்தான், ட்ரெய்லரிலும் அவன் தனியாக வரவில்லை. தண்டிக்கவேண்டியதைத் தண்டிக்கிறான், வேலைக்கு வைக்கவேண்டியதை வேலைக்கு வைக்கிறான். அப்படியென்றால் கேமில் ஒரு பேயை எதிர்கொள்ளும்போது முதலில் அது எப்படிச் செத்தது என்று நான் விசாரிக்கவேண்டும். கிணற்றடியில் கிடக்கிற செருப்பு, எரிந்த வீட்டின் வாசல், பக்கத்து ஊர்க்காரன் சொல்கிற அரைகுறைப் பொய், இதையெல்லாம் பார்த்துவிட்டு வாளை எடுப்பதா வேண்டாமா என்று நான் முடிவெடுக்கவேண்டும். சண்டை போடாமல் தப்பலாம் என்று சொல்லவில்லை, சண்டை கட்டாயம் இருக்கட்டும், அதற்குத்தானே காசு கொடுக்கிறோம். ஆனால் உண்மையைக் கண்டுபிடித்தவனுக்கு அந்தச் சண்டை வேறு மாதிரி முடியவேண்டும். அந்தப் பேய் என் பரிவாரத்தில் சேரலாம், அல்லது நான் தவறான ஆளை வெட்டிவிட்டேன் என்று இரண்டு அத்தியாயம் கழித்து என் முகத்தில் அறையலாம்.

இதற்கான விதை பழைய கேமிலேயே இருக்கிறது. முதல் அத்தியாயத்தில் பெருந்தலையால் முட்டுகிற ஒரு பேய் வரும், நிறையப் பேரைக் கதறவைத்தது. அதை வென்றால் அதன் ஆவியைச் சுரைக்குடுவையில் அடைத்துக்கொண்டு, பிறகு நாமே அந்தத் தலையால் எதிரியை முட்டலாம். வூகோங்கில் அது ஓர் உபரி ஆயுதம், அவ்வளவுதான். ஜோங் குயியில் அதுவே கேமின் முதுகெலும்பாக மாறலாம்.

[திரை: பழைய நாடகக் காட்சி ஓவியம், விளக்குகளோடு ஊர்வலம்.]

இன்னொன்று, இது முழுக்க என் தனிப்பட்ட பேராசை. ஜோங் குயி செத்தபோது உடலை எடுத்து அடக்கம் செய்த ஒரு நண்பன் உண்டு, து பிங். அந்த நன்றிக்காக ஜோங் குயி பேயாகவே ஊருக்குத் திரும்பி வந்து, தன் தங்கையை அந்த நண்பனுக்குக் கட்டிக்கொடுக்கிறான். மணப்பெண்ணை அழைத்துப்போகிற ஊர்வலத்தில் விளக்குப் பிடிப்பது, குடை பிடிப்பது எல்லாம் பேய்கள். குன்ச்சூ என்ற பழைய சீன இசை நாடகத்தில் பேர்போன காட்சி இது. இதை ஓர் அத்தியாயமாக வையுங்கள், அரை மணி நேரம் யாரையும் அடிக்கவிடாதீர்கள், ஊர்வலத்தோடு நடக்கவிடுங்கள். வூகோங்கின் ஒவ்வொரு அத்தியாயத்தின் முடிவிலும் வெவ்வேறு பாணியில் அனிமேஷன் படம் செய்து போட்டவர்களுக்கு இது முடியாத காரியமா?

சண்டை பற்றிச் சுருக்கமாக. குரங்கு விலகி விலகி அடித்தது சரி, அது குரங்கு. இந்த ஆள் மலை மாதிரி இருக்கிறான், இவனும் உருண்டு புரண்டால் சிரிப்பு வரும். அடியை வாங்கி, வாளால் தடுத்து, ஒரே வெட்டில் பதில் சொல்கிற பாரம் வேண்டும்.

அப்புறம் அந்தக் கண்ணுக்குத் தெரியாத சுவர்கள். போகலாம் போல ஒரு பாதை தெரியும், போனால் காற்றில் முட்டிக்கொண்டு நிற்போம். பக்கத்திலேயே அதே மாதிரி இன்னொரு பாதை, அதில் போனால் புதையல். மூன்றாம் அத்தியாயத்தில் இதனாலேயே பொறுமை போனது. வழி பார்க்க வரைபடமும் ஆரம்பத்தில் இல்லை, கேம் வந்து நாலு மாதம் கழித்து 2024 டிசம்பர் அப்டேட்டில்தான் வந்தது. இந்த முறை முதல் நாளே இருக்கட்டும். இதில் வாதாட ஒன்றும் இல்லை.

இடங்களை உருவாக்குவதில் மட்டும் இவர்களுக்கு நான் ஒன்றும் சொல்லப்போவதில்லை. வூகோங்கில் உண்மையான கோயில்கள், குகைகள் என்று 36 இடங்கள், அதில் 27 ஷான்சி மாகாணத்தில் மட்டும். கேமைப் பார்த்துவிட்டு அங்கே சுற்றுலாப் போனவர்கள் கூட்டம் கூட்டமாக. சீனாவின் தாசு பாறைச் சிற்பங்களையும் அதில் பயன்படுத்தினார்கள், ஆனால் அந்தச் சிற்பத் தொகுதியில் முழு நரகக் காட்சியே செதுக்கிவைத்திருக்கிறது, பாவிகள் என்னென்ன பாடுபடுகிறார்கள் என்று வரிசையாக. பேய்களைப் பற்றிய கேமில் அதை விட்டுவிடுவார்களா என்ன.

[திரை: கொழும்பு தேசிய அருங்காட்சியகம், காலிக் கல்வெட்டு.]

இந்தக் கல்லை நீங்கள் பாடசாலைச் சுற்றுலாவில் பார்த்திருப்பீர்கள், பார்த்துவிட்டு மறந்தும் இருப்பீர்கள். 1409ஆம் ஆண்டு இடப்பட்டது, சீன மாலுமி செங் ஹ கொண்டுவந்து வைத்தது, 1911இல் காலியில் கண்டெடுத்தார்கள். சீனத்தில் புத்தருக்கு, தமிழில் தெனாவரை நாயனார் என்ற தெய்வத்துக்கு, பாரசீகத்தில் அல்லாஹ்வுக்கு. ஆறு நூற்றாண்டுக்கு முன்பு நமக்காகத் தமிழில் கல்லே வெட்டி கப்பலில் ஏற்றி அனுப்பியவர்கள், இப்போது கேமுக்கு ஒரு தமிழ் சப்டைட்டில் கோப்புக்கு யோசிக்கிறார்கள். நான் கேட்டுவைக்கிறேன், கேட்பதில் என்ன நட்டம்.

கடைசியாக, இங்கே இருக்கிற நமக்குத் தேவையான விஷயம். வூகோங்குக்கு 130 ஜிபி இடம் வேண்டும், குறைந்தபட்சம் ஜிடிஎக்ஸ் 1060 கிராஃபிக்ஸ் கார்ட் வேண்டும், அதுவும் எல்லா செட்டிங்கையும் கீழே இறக்கி. டேட்டா பக்கேஜில் இரவு நேரக் கோட்டாவை மிச்சம் பிடித்து மிச்சம் பிடித்து டவுன்லோட் பண்ணுகிற ஊர் இது. எக்ஸ்பொக்ஸ்காரர்கள் இன்னும் பாவம், அவர்களுக்கு சரியாக ஒரு வருடம் கழித்து, 2025 ஆகஸ்ட் 20இல்தான் கேம் வந்தது. எல்லாரும் ஒரே நாளில் விளையாடவேண்டும், பழைய கார்டிலும் ஓடவேண்டும், இதைச் செய்தால் கொழும்பில் கோயில் கட்டலாம்.

இன்னொன்றும் சொல்லிவிடுகிறேன். ட்ரெய்லரைப் பார்த்த வேகத்தில் யூனிட்டி பிளாசாவுக்குப் போய்ப் புதுக் கார்ட் வாங்கிவிடாதீர்கள். அறிவிக்கும்போதே இது ஆரம்பக் கட்டத்தில்தான் இருக்கிறது, திகதி இல்லை, காட்ட விளையாட்டுக் காட்சியும் இல்லை என்று அவர்களே ஒளிக்காமல் சொன்னார்கள். வூகோங்குக்கு முதல் வீடியோவில் இருந்து நான்கு வருடம் எடுத்தது. அதே கணக்கென்றால் 2029. முந்தி வந்தால் சந்தோஷம், ஆனால் இன்று வாங்குகிற கார்ட் அன்றைக்குக் குறைந்தபட்சத் தேவைப் பட்டியலில்தான் இருக்கும். காசை வைத்திருங்கள்.