சன்ரூஃப் மூட வந்து திரும்பத் திறந்துகொள்கிறதா? முதலில் மணல், பிறகுதான் ரீசெட்

[காட்சி: காரின் கூரை, உள்ளிருந்து. கண்ணாடி மூடிக்கொண்டே வருகிறது. ஒரு சாண் இடைவெளி இருக்கும்போது நின்று, பின்வாங்குகிறது.]

பார்த்தீர்களா? மூட வந்தது, மூடாமலே திரும்பிப் போய்விட்டது. இன்னொரு முறை சுவிட்சை அழுத்தினாலும் இதே கதைதான். தனுஷ்கோடிச் சாலை முடியும் கடற்கரையான அரிச்சல்முனை வரை போய்வந்த கார்களில் இந்தத் தொல்லையை அடிக்கடி பார்க்கலாம். உடனே யாராவது, "மோட்டார் போய்விட்டது, மாற்ற வேண்டும்" என்பார்கள். அவசரப்பட்டுத் தலையாட்டாதீர்கள். மோட்டார் போயிருந்தால் கண்ணாடி இவ்வளவு ஒழுங்காகத் திரும்பிப் போகாது.

வணக்கம். கீழக்கரையில், பூவரச மர நிழலில் நிற்கிறோம். கார் பக்கத்து வீட்டுக் காக்காவுடையது; இங்கே அண்ணனைக் காக்கா என்றுதான் அழைப்போம். அவரும் கூடவே இருக்கிறார். சுவிட்சை அழுத்த ஒருவர், மேலே நின்று பார்க்க ஒருவர் என்று இருவர் இருந்தால் இந்த வேலை நிம்மதியாக நடக்கும்.

சன்ரூஃபை வீட்டிலேயே ரீசெட் செய்வது எப்படி என்று கேட்டால், சுவிட்சைப் பத்து விநாடி பிடித்திருங்கள் என்று பலரும் சொல்லிவிடுவார்கள். சொல்வது தவறில்லை. ஆனால் கண்ணாடி ஓடும் தடமான சேனலில் மணலை வைத்துக்கொண்டு ரீசெட் செய்தால், அந்த மணலோடு ஓடுவதுதான் இயல்பு என்று மோட்டாருக்குப் பாடம் சொல்லிக்கொடுத்ததாக ஆகிவிடும். நம் கடற்கரையில் இதை முதலில் சொல்லியாக வேண்டும்.

[காட்சி: வெள்ளைத்தாளில் பேனாவால் வரைந்த படம். மோட்டார், பல்சக்கரம், இருபுறமும் இரண்டு கேபிள்கள்.]

கண்ணாடி எங்கே நிற்கிறது என்பது மோட்டாருக்கு எப்படித் தெரிகிறது? அதற்குக் கண் கிடையாது. மோட்டாரின் அச்சில் சிறிய காந்த வளையம் ஒன்று சுற்றுகிறது. அதன் அருகே ஹால் சென்சார்கள் இருக்கின்றன. எட்வின் ஹால் என்ற அமெரிக்க இயற்பியலாளர் 1879-இல் கண்டறிந்த விளைவுதான் இதற்கு அடிப்படை. மின்சாரம் ஓடும் கடத்தியின் மீது காந்தப்புலம் பட்டால், குறுக்கே சிறிய மின்னழுத்தம் தோன்றும். காந்தம் சுற்றச் சுற்ற ஒவ்வொரு துடிப்பாகச் செய்தி போகும். கட்டுப்பாட்டுப் பெட்டி அந்தத் துடிப்புகளை எண்ணிக்கொண்டே வரும். இரண்டு சென்சார்களில் எது முந்துகிறது என்பதை வைத்து, கண்ணாடி திறக்கிறதா மூடுகிறதா என்பதையும் அறிந்துகொள்ளும்.

கடலில் ஆழம் பார்க்கக் கயிறு விடுகிறவர் பாகம் பாகமாக எண்ணிக்கொண்டே விடுவார். நடுவில் பேச்சுக் கொடுத்து எண்ணிக்கையைக் கெடுத்துவிட்டால், கயிறு அவர் கையிலேயே இருந்தாலும் ஆழம் தெரியாது. முழுவதையும் மேலே இழுத்து, முதலிலிருந்துதான் தொடங்க வேண்டும். ரீசெட் என்பது அவ்வளவுதான். கண்ணாடியை ஓர் எல்லைவரை கொண்டுபோய் முட்டவைத்து, "இதுதான் பூஜ்ஜியம், இங்கிருந்து எண்ணு" என்கிறோம்.

எண்ணிக்கை எப்போது கெடும்? பேட்டரியைக் கழற்றி மாட்டும்போது, ஃபியூஸ் போகும்போது, கண்ணாடி பாதி வழியில் இருக்கையில் மின்சாரம் நின்றுபோனால், மோட்டாரைக் கழற்றினால், அவசரச் சாவியைப் போட்டுக் கையால் மூடினால். கெட்டுவிட்டால் ஒரே தொடுதலில் முழுவதும் திறக்கும் வசதி நின்றுபோகும். துண்டு துண்டாக நகரும், அல்லது பாதியில் நிற்கும்.

இன்னொரு சங்கதி, பிடிபடாமல் காக்கும் பாதுகாப்பு. மூடும்போது குழந்தையின் கை குறுக்கே வந்தால் மோட்டார் திணறும். சுற்று வேகம் குறையும், இழுக்கும் மின்சாரம் கூடும். அதைக் கண்டதும் கட்டுப்பாட்டுப் பெட்டி கண்ணாடியைத் திருப்பி அனுப்பிவிடும். ஐரோப்பிய, அமெரிக்க விதிகளில் இந்த அழுத்தத்துக்கு உச்ச வரம்பு 100 நியூட்டன். ஏறக்குறைய பத்துக் கிலோ எடையின் அழுத்தம். சேனலில் கிடக்கும் மணலும் மோட்டாரைத் திணற வைக்கும். அது கையா, மணலா என்று பெட்டிக்குத் தெரியாது. தொடக்கத்தில் பார்த்த கண்ணாடி பின்வாங்கியதும் இதனால்தான். ஆகவே அது கோளாறு அல்ல, எச்சரிக்கை.

[காட்சி: கண்ணாடி முழுவதும் திறந்திருக்கிறது. கேமரா முன் மூலைக்கு நெருங்குகிறது.]

காக்கா, டார்ச்சை இந்தப் பக்கம் காட்டுங்கள்.

"இவ்வளவு மணலா? மேலே பார்த்தால் சுத்தமாகத்தானே இருந்தது!"

மேலே பார்த்தால் தெரியாது, காக்கா. காற்றைத் தடுக்க முன்பக்கம் எழும்பி நிற்கிறதே இந்தத் தடுப்பு, அதற்கு அடியில்தான் சேரும். இதோ, பழைய கிரீஸும் மணலும் குழைந்து சாம்பல் நிறச் சேறாகக் கிடக்கிறது. விரல் நுனியில் எடுத்துத் தேய்த்தால் நறநறவென்கிறது. சேனலின் உதட்டோரம் வெள்ளைப் பொருக்கு ஒன்று ஓடுகிறது பாருங்கள், அது உப்பு. கச்சான் எனும் தென்மேற்குக் காற்று வீசும் மாதங்களில் ஒரு மணி நேரம் திறந்து வைத்தால் போதும், இவ்வளவும் வந்துவிடும். 2025 ஏப்ரலில் திறந்த புதிய பாம்பன் பாலத்துக்கு, துருப்பிடிக்காத எஃகுக் கம்பியும் துருவைத் தடுக்கும் பாலிசிலாக்சேன் பூச்சும் போட்டுத்தான் இந்தக் காற்றுக்கு ஈடு கொடுத்திருக்கிறார்கள். நம் சேனலுக்கு இருப்பது ஒரு பூச்சு கிரீஸ் மட்டும்.

வாக்குவம் கிளீனர் இருந்தால் குறுகிய மூக்கைப் போட்டு முதலில் உறிஞ்சுங்கள். இல்லையென்றால் பழைய பல் துலக்கும் பிரஷ் போதும். மூலையிலிருந்து வெளிப்பக்கமாகக் கூட்டுங்கள், வடிகால் துளைக்குள் தள்ளிவிடாதீர்கள். காற்றடிக்கும் கம்ப்ரசரை மட்டும் கிட்டே கொண்டுவராதீர்கள். மணல் கேபிள் ஓடும் குழாய்க்குள்ளும், உட்கூரைத் துணிக்குப் பின்னாலும் போய் உட்கார்ந்துகொண்டால், பிறகு கூரையைக் கழற்றித்தான் எடுக்க வேண்டும்.

அடுத்து ஈரத்துணி. காவிரிக் கூட்டுக் குடிநீரிலோ, வாங்கிய கேன் தண்ணீரிலோ நனைத்துப் பிழிந்த துணி. வீட்டுக் கிணற்று உவர்நீரில் நனைத்துத் துடைத்தால், உப்பை எடுத்துவிட்டு உப்பையே பூசியதாகிவிடும். துணி கருப்பாக வருவது நிற்கும்வரை துடையுங்கள். பிறகு நன்றாக உலரட்டும்.

கிரீஸ் விஷயத்தில் நம் ஊர்க் கைவண்ணம் கொஞ்சம் ஆபத்தானது. தேங்காய் எண்ணெய் விட்டவர்களும் உண்டு, சக்கர பேரிங்குக்குப் போடும் கிரீஸை அப்பியவர்களும் உண்டு. பெட்ரோலிய எண்ணெய் பட்டால் ரப்பர் பீடிங் ஊதிப்போகும். தாராளமாக அப்பிய கிரீஸ், அடுத்த கடற்கரைப் பயணத்தில் மணலை அள்ளிக்கொள்ளும். சேனலுக்கு எந்த கிரீஸ் என்பதைக் கையேட்டில் பார்த்து, அதையே மெல்லிய படலமாகத் தடவுங்கள். ரப்பருக்கு சிலிகான் கிரீஸ் போதும்.

[காட்சி: கையில் தடித்த தங்கூசி நரம்பு, அதாவது தூண்டிலுக்குக் கட்டும் நைலான் நரம்பு. அதன் நுனி தீக்குச்சிச் சுடரில் உருகி மழுங்குகிறது.]

கைபட்டதோடு வடிகாலையும் பார்த்துவிடுவோம். சன்ரூஃபின் மூலைகளில் துளைகள் இருக்கும். மழைநீர் சிறிதளவு உள்ளே வருவது இயல்புதான். அது இந்தத் துளைகள் வழியே, கதவோரத் தூண்களுக்குள் ஓடும் குழாய்களில் இறங்கிக் கீழே போய்விடும். குழாய் மணலால் அடைபட்டால் ஐப்பசி மழைத் தண்ணீர் இருக்கையில் சொட்டும். அடைப்பெடுக்க இரும்புக் கம்பி வேண்டாம், குழாய் கிழிந்துவிடும். இங்கே எந்த மீன்பிடிச் சாமான் கடையிலும் கிடைக்கும் தங்கூசி நரம்பு இதற்கென்றே செய்ததாகத் தோன்றும். நுனியை மழுக்கி மெதுவாக விடுங்கள். பிறகு ஒரு சிறு டம்ளர் நீரை ஊற்றினால், காருக்கு அடியில் தரையில் விழ வேண்டும். விழவில்லையென்றால் மேலும் ஊற்றாமல் நிறுத்திவிடுங்கள்.

இனி ரீசெட்.

கையேட்டைக் கையில் எடுத்துக்கொள்ளுங்கள். வண்டிக்கு வண்டி முறை மாறும். சிலவற்றில் சுவிட்சை முன்னால் தள்ள வேண்டும், சிலவற்றில் மேலே அழுத்த வேண்டும். சில வண்டிகளுக்குக் கணினிக் கருவி இல்லாமல் நடக்காது. நான் இப்போது செய்துகாட்டுவது ஹூண்டாய், கியா கையேடுகளில் வரும் முறையை ஒட்டியது.

காரை வெட்டவெளியில் நிறுத்துங்கள். என்ஜின் ஓட வேண்டும் என்பதால் மூடிய ஷெட்டுக்குள் கூடாது. ஓடாமலும் செய்யலாம் என்பார்கள். ஆனால் பேட்டரி சோர்ந்திருந்தால் மோட்டார் மெதுவாகச் சுற்றும், அந்த மெதுவே பாடமாகப் பதிந்துவிடும். என்ஜின் ஓடும்போது மின்னழுத்தம் 13.5 முதல் 14.5 வோல்ட் வரை இருக்கும். அதுதான் நமக்கு வேண்டியது.

பிள்ளைகளைக் காரிலிருந்து இறக்கிவிடுங்கள். இதை விளையாட்டாகச் சொல்லவில்லை. ரீசெட் ஓட்டத்தின்போது பல வண்டிகளில், கை சிக்கினால் திரும்பும் பாதுகாப்பு வேலை செய்யாது. கை இருந்தாலும் கண்ணாடி மூடிக்கொண்டே வரும்.

காக்கா, ஸ்டார்ட் செய்யுங்கள். கண்ணாடியை முழுவதும் மூடுங்கள். தானாகத் திரும்பினால், சிறிது சிறிதாக அழுத்தி அழுத்திக் கொண்டுவாருங்கள். மூடியதும் சுவிட்சை விட்டுவிடுங்கள்.

இப்போது மூடும் திசையிலேயே தள்ளிப் பிடித்துக்கொள்ளுங்கள். கையை எடுக்கக் கூடாது.

[காட்சி: சுவிட்சில் விரல். சத்தமில்லாமல் விநாடிகள் நகர்கின்றன.]

"ஒன்றுமே நடக்கவில்லையே?"

நடக்கும், பிடித்திருங்கள். ஏறக்குறைய பத்து விநாடி ஆகும். இதோ, கண்ணாடி லேசாக அசைந்தது. விடுங்கள். உடனே, இரண்டு மூன்று விநாடிக்குள் மறுபடி அதே திசையில் தள்ளிப் பிடியுங்கள்.

பாருங்கள், சாய்ந்திருந்த பின்விளிம்பு இறங்குகிறது. கண்ணாடி தானே முழுவதும் திறக்கிறது. அங்கே முட்டி நின்று, திரும்பி மூட வருகிறது. திறந்து மூடும் இந்த ஒரு சுற்றில்தான் இரண்டு எல்லைகளும் பதிகின்றன. வழியில் எங்கே எவ்வளவு இழுவை என்பதையும் பல வண்டிகள் இப்போதே குறித்துக்கொள்ளும். முழுவதும் மூடி நிற்கும்வரை விரலை எடுக்காதீர்கள். நடுவில் எடுத்தால் முதலிலிருந்து தொடங்க வேண்டியதுதான்.

மூடிவிட்டது. விடலாம்.

சரிபார்க்க, ஒரே தொடுதலில் திறந்து மூடுங்கள். பாதுகாப்பைச் சோதிக்க விரலை நீட்டாதீர்கள். நாளிதழைத் தடியாகச் சுருட்டி, மூடிவரும் கண்ணாடிக்குக் குறுக்கே பிடியுங்கள். தாள் நசுங்குவதற்கு முன்பே கண்ணாடி திரும்ப வேண்டும்.

"திரும்பிவிட்டது. மோட்டாருக்குக் கொடுக்க இருந்த பணம் மிச்சம்!"

அதில் கொஞ்சத்துக்கு நல்ல கிரீஸ் வாங்கிவையுங்கள், காக்கா. அப்படியே, அடுத்த முறை தனுஷ்கோடி சாலையில் பிள்ளைகளைச் சன்ரூஃபுக்கு மேலே தலைநீட்டி நிற்க விடாதீர்கள். 2017-இல் அரிச்சல்முனை வரை சாலை திறந்ததிலிருந்து அங்கே இதுவே ஒரு வழக்கமாகிவிட்டது. திடீரென்று பிரேக் போட்டால் கூரைத் திறப்பின் முன்விளிம்பு பிள்ளையின் நெஞ்சில்தான் இடிக்கும்.

எல்லா வண்டியும் இப்படிச் சரியாகிவிடாது. ரீசெட் செய்தும் பின்வாங்கினால், இன்னும் எங்கோ இழுவை இருக்கிறது. சேனலுக்குத் திரும்பிப் போங்கள். ஒரு பக்கம் முந்தி மறுபக்கம் பிந்திக் கண்ணாடி கோணலாக வந்தாலோ, உள்ளே டக் டக் என்று பல் தாண்டும் சத்தம் கேட்டாலோ சுவிட்சைத் தொடவே தொடாதீர்கள். கேபிளோ, கண்ணாடியைத் தாங்கும் கைகளில் ஒன்றோ உடைந்திருக்கும். ரீசெட் ஓட்டத்தில் மோட்டார் முழுப் பலத்தோடு இழுக்கும், மிச்சமிருப்பதையும் உடைத்துவிடும். அறுகோணச் சாவியால் கையால் மூட வண்டியில் வழி இருந்தால், கையேட்டைப் பார்த்து மூடிவிட்டுப் பட்டறைக்குப் போங்கள். உத்தரவாதக் காலம் முடியாத வண்டியை நீங்களே பிரிக்க வேண்டாம். வேலை முடிந்து வண்டியை எடுக்கும்போது ரீசெட் செய்தார்களா என்று கேட்டு, உங்கள் கண்முன்னே ஒரு முறை திறந்து மூடச் சொல்லி வாங்குங்கள்.