மெலிந்த உடம்பும் கூட வேண்டிய எடையும்

நேயர்களுக்கு அன்பான வணக்கம்.

இன்று எத்தனை கிலோ தேயிலைக் கொழுந்து பறித்தீர்கள் என்று கேட்டால் நம் தோட்டத்துப் பெண்கள் யோசிக்காமல் பதில் சொல்வார்கள். உங்கள் உடம்பு எத்தனை கிலோ என்று கேட்டால் பலருக்குத் தெரியாது. கர்ப்பமாக இருந்தபோது கிளினிக்கில் நிறுத்ததுதான் கடைசி. அந்தப் பிள்ளை இப்போது பள்ளிக்கூடம் போகும்.

எடையைக் கிலோவில் எழுதி, மீட்டரில் உள்ள உயரத்தால் இரண்டு முறை வகுத்துப் பாருங்கள். வளர்ந்தவர்களுக்கு விடை 18.5க்குக் குறைந்தால் எடை போதாது. 155 சென்டிமீட்டர் உயரமான பெண்ணுக்கு அந்த எல்லை ஏறக்குறைய 44½ கிலோ.

பிறவியிலேயே ஒல்லியாக, சுறுசுறுப்பாக இருப்பவர்கள் உண்டு. ஆனால் போட்ட சட்டை சில மாதங்களுக்குள் தொளதொளவென்று ஆகிவிட்டால், சாப்பாட்டைக் கூட்டுவதற்கு முன் வைத்தியரைப் பாருங்கள். சர்க்கரை நோய், தைராய்டு, குடற்புழு, மனச்சோர்வு எல்லாமே ஆளை இளைக்க வைக்கும். இரண்டு வாரத்துக்கு மேல் இருமல், மாலையில் காய்ச்சல், இரவில் வியர்வை என்றால் காசநோயா என்று சோதிக்க வேண்டும். அரச வைத்தியசாலையில் சோதனையும் மருந்தும் இலவசம். தயவுசெய்து தள்ளிப்போடாதீர்கள்.

நோய் இல்லை என்று தெரிந்துவிட்டால், அடுத்துப் பார்க்க வேண்டியது கொழுந்து பறிக்க மலைக்குப் போகும் நாளின் சாப்பாட்டை. காலையில் ரொட்டி, பால் சேர்க்காத தேநீரான சாயத்தண்ணி. இடையில் மறுபடியும் சாயத்தண்ணி. பகலில் அவசரமாக நாலு வாய். ஏற்றத்தில் ஏறி இறங்கி, கூடை சுமந்து, குளிரிலும் மழையிலும் நிற்கிற உடம்புக்கு இது எப்படிப் போதும்? ரொட்டி வயிற்றை நிரப்பும். தசை வளரப் புரதம் வேண்டும். சாயத்தண்ணி பசியை அமர்த்திவிடும். சாப்பாட்டோடு சேர்த்துக் குடித்தால், பருப்பிலும் கீரையிலும் உள்ள இரும்புச்சத்து உடலில் சேர்வதையும் குறைத்துவிடும். சாப்பிட்டு ஒரு மணி நேரம் கழித்துக் குடியுங்கள்.

நாளொன்றுக்கு 300 முதல் 500 கலோரி வரை கூடுதலாகச் சேர்ந்தால் போதும். ஓர் அவித்த முட்டை, ஒரு கைப்பிடி கச்சான், ஒரு வாழைப்பழம், இவ்வளவிலேயே 300க்கு மேல் கிடைத்துவிடும். முட்டை விலை கட்டுப்படியாகாத நாட்களில் அவித்த கடலையோ கௌபியோ பயறோ போதும், தேங்காய்ப்பூ தூவிக்கொள்ளுங்கள். ஆனைக்கொய்யா காய்க்கும் காலத்தில் அதை விடவே விடாதீர்கள். நல்ல கொழுப்பு நிறைந்த பழம் அது. பருப்புக்கறியில் நெத்தலிக் கருவாடு கொஞ்சம் போடலாம். ஒரே வேளையில் திணிக்க வேண்டாம். மலைக்குக் கொண்டுபோகும் பையில் ஒரு சிறு பொட்டலம் இருக்கட்டும். வாரத்துக்குக் கால் கிலோ முதல் அரைக் கிலோ வரை ஏறினால் அது நல்ல வேகம்.

மிகுந்த கவலையோடு ஒன்று சொல்கிறேன். உடம்பு வைக்கும் என்று பெயர் தெரியாத மாத்திரைகளைக் கொடுப்பவர்கள் இருக்கிறார்கள். அவற்றில் வைத்தியர் கண்காணிப்பில் மட்டுமே எடுக்க வேண்டிய ஸ்டீரொய்ட் என்ற மருந்து இருக்கலாம். முகம் உப்பும், பார்ப்பவர்கள் தேறிவிட்டாய் என்பார்கள். உள்ளே சர்க்கரையும் இரத்த அழுத்தமும் ஏறும், எலும்பு தேயும். நெடுநாள் விழுங்கிவிட்டுத் திடீரென்று நிறுத்துவதும் ஆபத்து. ஏற்கெனவே எடுப்பவர்கள் மாத்திரையைக் கையில் எடுத்துக்கொண்டே வைத்தியரிடம் போங்கள். பசி தூண்டும் வேறு சில மாத்திரைகள் தூக்கக் கலக்கத்தைத் தரும். சறுக்கும் மலையில் அந்தக் கலக்கத்தோடு நிற்க முடியுமா?

பல நாள் ஏறக்குறைய எதுவும் சாப்பிடாமல் கிடந்தவருக்கு, அன்பு மிகுதியால் ஒரேயடியாக ஊட்டிவிடாதீர்கள். இரத்தத்தில் உப்புகளின் அளவு குலைந்து இதயமே பாதிக்கப்படலாம். வைத்தியசாலையில் கவனித்துச் சிறிது சிறிதாகத்தான் கூட்ட வேண்டும்.

கேட்டுக்கொண்டிருக்கும் அண்ணன்மார், தம்பிமாரே, உங்களுக்கு ஒரு வேண்டுகோள். நம் லயங்களில் எல்லோருக்கும் போட்டுவிட்டுக் கடைசியில் மிஞ்சியதைச் சாப்பிடுபவள் பெரும்பாலும் அம்மாதான். இன்று இரவு கறியை இறக்கியதும், அவருடைய பங்கை முதலில் எடுத்து மூடி வைத்துவிட்டு மற்றவர்களுக்குப் பரிமாறுங்கள்.