தண்ணீர் வடிந்த கிடங்கில் கை வைக்கலாமா?

வந்திருக்கும் கேள்விகளில் ஒன்று கொஞ்சம் அவசரமானது, அதனால் முதலில் அதை எடுத்துக்கொள்கிறேன். துணிக் கிடங்கு வைத்திருக்கும் ஒருவர் எழுதியிருக்கிறார். "கிடங்கில் இடுப்பளவு தண்ணீர் வந்து ஒரு நாள் முழுக்க நின்றது. இன்சூரன்ஸ் கம்பெனிக்குத் தகவல் சொல்லிவிட்டோம். சேதத்தை மதிப்பிடுகிற சர்வேயர் வர மூன்று நாள் ஆகுமாம். அவர் வரும்வரை ஒன்றையும் தொடாதீர்கள் என்கிறார் பாலிசி போட்டுக் கொடுத்தவர். என் அண்ணனோ, நாற்றம் தாங்கவில்லை, எல்லாவற்றையும் வாரிப் போட்டுவிட்டுக் கழுவிவிடுவோம் என்கிறார். யார் சொல்வது சரி? பாலிசி 60 லட்சத்துக்கு இருக்கிறது. சேதம் 30 லட்சம்தான் வரும். முழுப் பணமும் கிடைத்துவிடும்தானே?"

கேள்வியின் முதல் பாதிக்குப் பதில்: இரண்டு பேர் சொல்வதும் தப்பு. இரண்டாம் பாதிக்குப் பதில் உங்களுக்குப் பிடிக்காது. அதைப் பிறகு சொல்கிறேன்.

நானும் பல வருடம் சேத மதிப்பீட்டு வேலை பார்த்தவன். இரண்டு விதமான முதலாளிகளையும் பார்த்திருக்கிறேன். ஒருவர் நாங்கள் போவதற்குள் கிடங்கைக் கண்ணாடி மாதிரி துடைத்து வைத்திருந்தார். சேதமான சரக்கு எங்கே என்று கேட்டால், குப்பை லாரிக்குக் கொடுத்த கூலிச் சீட்டைக் காட்டினார். ஆறு நடை என்று அதில் எழுதியிருந்தது. ஆறு நடை என்ன? சேறா, சரக்கா? பாவம், அவர் பொய் சொல்லவில்லை, ஆனால் மெய் என்று காட்ட அவரிடம் ஒன்றுமே இல்லை. இன்னொருவர் நேர்மாறு. சொன்ன சொல் தவறாமல் ஐந்து நாள் கதவையே திறக்கவில்லை. தண்ணீர் தொட்டது கீழ் இரண்டு அடுக்கு மட்டும்தான். மேலே இருந்த காய்ந்த சரக்கு அந்தப் புழுக்கத்தில் பூஞ்சை பிடித்துப் போனது. கீழ் அடுக்குக்குப் பணம் வந்தது. மேல் அடுக்குக்கு, "இதை நீங்கள் காப்பாற்றியிருக்கலாமே" என்று கேள்வி வந்தது.

அந்தக் கேள்வி நியாயமானதுதான். உங்கள் பாலிசியை எடுத்துப் படித்தால் அதில் ஒரு வரி இருக்கும்: சேதம் மேலும் பெருகாமல் தடுக்க வேண்டிய பொறுப்பு உங்களுடையது என்று. இன்சூரன்ஸ் இல்லாதவர் தன் சரக்கை எப்படிக் காப்பாற்றப் பார்ப்பாரோ, அப்படி நீங்களும் செய்ய வேண்டும். ஈரமான இடத்தில் பூஞ்சை பிடிக்க 24 முதல் 48 மணி நேரம் போதும். சர்வேயர் வரும் மூன்றாம் நாள்வரை அது காத்திருக்காது.

அப்படியென்றால் என்ன செய்வது? தொடுங்கள், ஆனால் படம் எடுத்துவிட்டுத் தொடுங்கள். கழுவுங்கள், ஆனால் எதையும் வெளியே போடாதீர்கள். இதுதான் மொத்த விஷயமும்.

கதவைத் திறந்ததும் முதல் வேலை போன் கேமரா. வாசலில் நின்று ஒரே ஓட்டமாக வீடியோ எடுங்கள், நடுவில் நிறுத்த வேண்டாம். சுவரில் சேற்றுக் கோடு தெரியும் பாருங்கள், தண்ணீர் எவ்வளவு உயரம் நின்றது என்பதற்கு அதைவிடப் பெரிய சாட்சி கிடையாது. அளவு டேப்பைச் சுவரோடு சேர்த்துப் பிடித்து அந்தக் கோட்டைப் படம் எடுங்கள். சுவரைக் கழுவிவிட்டால் அந்தக் கோடு போய்விடும், அதன் பிறகு இடுப்பளவு என்பது உங்கள் வாய் வார்த்தை மட்டும்தான். ஒவ்வொரு அலமாரியையும் அது நிற்கிற இடத்திலேயே எடுங்கள். பெட்டிகளில் ஒட்டியிருக்கும் லேபிள், லாட் எண், எந்திரங்களின் பெயர்ப்பலகை எல்லாம் எழுத்துத் தெரிகிற தூரத்தில் எடுங்கள். எடுத்ததை அன்றைக்கே கம்பெனிக்கு மின்னஞ்சலில் அனுப்பி, "மேலும் கெடாமல் இருக்க இன்றைக்குச் சரக்கைப் பிரித்துக் காய வைக்கிறோம், சேதமானதை எல்லாம் நீங்கள் பார்ப்பதற்காகத் தனியாக வைத்திருப்போம்" என்று ஒரு வரி எழுதிவிடுங்கள். வேண்டாம் என்றால் அவர்கள் எழுத்தில் சொல்லட்டும். பெரும்பாலும் சொல்ல மாட்டார்கள்.

அப்புறம் நனைந்ததையும் நனையாததையும் பிரியுங்கள். நனையாததை வேறு இடத்துக்கு மாற்றுங்கள். நனைந்ததிலும் முழுக்க வீணானது, துவைத்து இஸ்திரி போட்டால் குறைந்த விலைக்குப் போகக்கூடியது என்று இரண்டு குவியல் வேண்டும். பம்பு வாடகை, ஆள் கூலி, வேறு இடத்துக்கு ஏற்றி இறக்கிய செலவு எல்லாவற்றுக்கும் பில் வாங்கி வையுங்கள், நியாயமான செலவைப் பல பாலிசிகள் ஏற்றுக்கொள்ளும். அழுகி நாறுகிற, வைத்திருக்கவே முடியாத சரக்கு இருந்தால்? எண்ணி எழுதி, படம் எடுத்து, ஒவ்வொரு வகையிலும் ஒரு துண்டை மாதிரிக்கு எடுத்து வைத்துவிட்டு, அப்புறப்படுத்தப் போகிறோம் என்று முன்கூட்டியே கம்பெனிக்குச் சொல்லிவிட்டு அகற்றுங்கள்.

எந்திரங்கள் விஷயத்தில் மட்டும் உங்கள் பாலிசிக்காரர் சொன்னது பாதி சரி. தண்ணீரில் நின்ற மோட்டாரையோ கணினியையோ "ஓடுகிறதா பார்ப்போம்" என்று சுவிட்சைப் போடாதீர்கள். நல்ல தண்ணீரில் சேற்றைக் கழுவி, உலர்த்தி, எலக்ட்ரீஷியன் மெக்கர் என்ற கருவியை வைத்து இன்சுலேஷனைச் சோதித்த பிறகுதான் மின்சாரம். ஈரத்தோடு போட்டு உள்ளே இருக்கும் கம்பிச்சுருள் எரிந்துவிட்டால், இது வெள்ளத்தில் போனதல்ல, நீங்கள் சுவிட்ச் போட்டதால் போனது என்பார்கள். மறுத்துப் பேச உங்களிடம் பதில் இருக்காது. கடல் தண்ணீர் கலந்திருந்தால் இன்னும் அவசரம். உப்பு உலோகத்தைத் தின்றுகொண்டே இருக்கும்.

கணக்குப் புத்தகங்கள் நனைந்திருந்தால் வெயிலில் விரித்துப் போடாதீர்கள், ஒட்டிப்போன தாளைப் பிரிக்கவும் முயல வேண்டாம். பிளாஸ்டிக் பையில் போட்டு ஃப்ரீசரில் வைத்துவிடுங்கள். சிரிக்காதீர்கள், நூலகங்களிலும் ஆவணக் காப்பகங்களிலும் இதைத்தான் செய்கிறார்கள். உறைந்த தாளில் பூஞ்சை வளராது, பொறுமையாகப் பிறகு உலர்த்திக்கொள்ளலாம். அந்தப் புத்தகம்தான் உங்கள் பணம். அது போயே போய்விட்டாலும் மனம் தளர வேண்டாம். உங்களுக்குச் சரக்கு விற்றவர்களிடம் பில்லின் நகல் இருக்கும், வரிக் கணக்கில் இருக்கும், கடன் வாங்கியிருந்தால் வங்கிக்கு மாதா மாதம் கொடுத்த ஸ்டாக் ஸ்டேட்மென்டில், அதாவது சரக்கு இருப்புக் கணக்கில் இருக்கும். போன வருட இருப்பு, அதன்பின் வாங்கியது, அதில் விற்றது போக மீதி. வெள்ளத்துக்கு முந்தின நாள் கிடங்கில் என்ன இருந்தது என்பதைச் சர்வேயரும் இப்படித்தான் கணக்குப் போடுவார்.

இங்கே ஒரு வார்த்தை. வங்கிக்குக் கூடுதலாக இருப்புக் காட்டிக் கடன் வாங்குவது, வரிக்குக் குறைவாகக் காட்டுவது என்ற பழக்கம் இருந்தால் அது அம்பலமாகிற நாள் இந்த நாள்தான். வங்கிக்குக் கொடுத்தது, வரிக்குக் கொடுத்தது, இப்போது இன்சூரன்ஸுக்குக் கொடுப்பது, மூன்று காகிதமும் ஒரே மேசைக்கு வரும். அதற்காக கிளெய்மில் எண்ணிக்கையை ஏற்றிப் போடாதீர்கள், ஒரு பகுதி பொய் என்று தெரிந்தால் முழு கிளெய்மையும் மறுக்க அவர்களுக்கு வழி கிடைத்துவிடும்.

சரி, இரண்டாம் பாதிக்கு வருவோம். 60 லட்சத்துக்குப் பாலிசி, 30 லட்சம் சேதம், முழுசாக வருமா?

நான் திருப்பி ஒரு கேள்வி கேட்கிறேன். வெள்ளம் வந்த அன்றைக்குக் கிடங்கில் இருந்த மொத்தச் சரக்கின் மதிப்பு என்ன? நனைந்தது, நனையாதது, மேல் அடுக்கில் பத்திரமாக இருந்தது எல்லாம் சேர்த்து. ஒரு கோடி என்று வைத்துக்கொள்வோம். ஒரு கோடிச் சரக்கை 60 லட்சத்துக்கு மட்டும் காப்பீடு செய்திருக்கிறீர்கள். மீதி 40 சதவீதத்துக்கு நீங்களே காப்பீட்டாளர் என்றுதான் பாலிசி எடுத்துக்கொள்ளும். அதனால் 30 லட்சச் சேதத்தில் 60 சதவீதம், அதாவது 18 லட்சம்தான் கணக்கில் வரும். இந்த விகிதக் குறைப்பைத்தான் ஆவரேஜ் என்று சொல்வார்கள். சேதம் பாலிசித் தொகையைவிடக் குறைவு என்பதால் நமக்குப் பிரச்சினை இல்லை என்று நினைப்பவர்கள்தான் இதில் அதிகம் மாட்டுகிறார்கள். நனையாமல் தப்பிய சரக்கு உங்களுக்கு நிம்மதி. ஆனால் கணக்கில் அதுதான் உங்கள் பணத்தைக் குறைக்கிறது.

அந்த 18-லும் எக்ஸஸ் கழியும், அதாவது ஒவ்வொரு சேதத்திலும் நீங்களே ஏற்க வேண்டிய முதல் பங்கு. நனைந்த சரக்கைக் குறைந்த விலைக்கு விற்றால் என்ன கிடைக்கும் என்ற சால்வேஜ் மதிப்பை, இந்த 60 சதவீதக் கணக்குக்கு முன்பே சேதத் தொகையில் கழித்துவிடுவார்கள். மதிப்பு போடும்போதும் வாங்கிய விலைதான், விற்கிற விலை கிடையாது. லாபத்துக்கு வேறு பாலிசி இருக்கிறது. எந்திரத்துக்குத் தேய்மானம் கழிப்பார்கள். புதிதாக வாங்கும் விலைக்கே பாலிசி எடுத்திருந்தால் கழிக்க மாட்டார்கள், ஆனால் நிஜமாகவே புதிது வாங்கிக் காட்ட வேண்டும்.

சால்வேஜ் விஷயத்தில் மட்டும் நீங்கள் சும்மா உட்கார்ந்திருக்காதீர்கள். நனைந்த துணிக்கு இவ்வளவு கிடைக்கும் என்று சர்வேயர் ஒரு தொகை போடுவார். அது அதிகம் என்று தோன்றினால் வாங்குகிறவர்களை நீங்களே கூட்டி வாருங்கள், எழுத்தில் விலை கேளுங்கள். அந்த விலைக்கு மேல் யாரும் தரவில்லை என்றால் அவரும் இறங்கி வருவார். உங்கள் பெயர் அச்சிட்ட சரக்கு நனைந்த நிலையில் சந்தைக்குப் போவது உங்களுக்குக் கௌரவக் குறைவு என்றால், லேபிளைக் கிழித்துவிட்டுத்தான் விற்க வேண்டும் என்று முன்னாலேயே கேளுங்கள். சில பாலிசிகளில் அதற்கு இடம் உண்டு.

இன்னொன்று, கிளெய்ம் படிவத்தில் தண்ணீர் எப்படி வந்தது என்று ஒரு கட்டம் இருக்கும். "மழையால் சேதம்" என்று ஒற்றை வரியில் எழுதிவிடுகிறார்கள். தெரு நிரம்பி வாசல் வழியாக வந்ததா, சாக்கடை எதிர்த்து வந்ததா, தரைக்கு அடியிலிருந்து கசிந்ததா, கூரை ஓட்டை வழியாகவா? பாலிசிக்கு இவை எல்லாம் ஒன்று கிடையாது. சிலவற்றுக்குப் பணம் உண்டு, சிலவற்றுக்கு இல்லை. 2005-ல் கத்ரீனா புயலுக்குப் பிறகு அமெரிக்காவில் காற்றால் போனதா, வெள்ளத்தால் போனதா என்பதற்காகவே வருடக்கணக்கில் வழக்கு நடந்தது. பலரிடம் காற்றுக்குப் பாலிசி இருந்தது, வெள்ளத்துக்கு இல்லை. அதனால் பார்த்ததைப் பார்த்தபடி எழுதுங்கள், எந்த வழி, எத்தனை மணிக்கு, எவ்வளவு உயரம் என்று. பக்கத்துக் கிடங்குக்காரர் பார்த்ததையும் எழுதி வாங்குங்கள்.

வியாபாரம் நின்றுபோன நஷ்டத்தை நீங்கள் கேட்கவில்லை, அதனால் சுருக்கமாகச் சொல்கிறேன். அதற்குத் தனிப் பாலிசி எடுத்திருந்தால்தான் கிடைக்கும். அதிலும் பொதுவாக உங்கள் இடத்தில் சேதம் நடந்திருக்க வேண்டும். 2011-ல் தாய்லாந்து வெள்ளத்தில் ஹார்டு டிஸ்க் தொழிற்சாலைகள் மூழ்கின. ஒரு சொட்டுத் தண்ணீர் படாத கணினிக் கம்பெனிகள் வேறு நாடுகளில் சரக்கு கிடைக்காமல் தவித்தன. சப்ளையரின் இடத்தில் நடக்கும் சேதத்தையும் சேர்த்து எடுத்திருந்தவர்களுக்குத்தான் அதில் வழி இருந்தது.

கடைசியில் ஒரு வவுச்சர் வரும். முழுத் தீர்வாக ஏற்றுக்கொள்கிறேன் என்று அச்சடித்திருப்பார்கள். அதில் போட்டிருக்கும் தொகை சரிதான் என்று கணக்குப் புரிந்தால் கையெழுத்துப் போடுங்கள். புரியவில்லை என்றால் சர்வே அறிக்கையின் நகலைக் கேளுங்கள், எந்த வரியில் எவ்வளவு குறைத்தார்கள் என்று பாருங்கள், உடன்பாடு இல்லாத வரிகளைக் கையெழுத்துக்கு முன்னால் கடிதமாகக் கொடுங்கள். கையெழுத்துப் போட்டுவிட்டு வந்து என்னிடம் கேட்பவர்களே அதிகம். நடுவில் பணமுடை என்றால், தகராறு இல்லாத பகுதியை முன்பணமாகத் தரும்படி எழுதிக் கேட்கலாம். கேட்காதவர்களுக்கு யாரும் தானாகத் தருவதில்லை.

உங்களுக்கு இன்றைக்கு வேலை டேப்பும் போனும்தான். அண்ணனிடம் சொல்லுங்கள், சுவரை மட்டும் இன்றைக்குக் கழுவ வேண்டாம் என்று. அடுத்த கேள்வி?