எர்த் முனையைப் பிடுங்காதீர்கள்

நேயர்களுக்கு வணக்கம். ஆம்ப்ளிபையரைத் தனக்குள்ளேயே வைத்திருக்கும் ஸ்பீக்கர்களைப் பற்றிப் பேச வந்திருக்கிறேன். வானொலிக்கும் இவற்றுக்கும் பழைய உறவு உண்டு. பின்லாந்தில் 1978இல் தொடங்கிய ஜெனலெக் நிறுவனத்தின் முதல் ஸ்பீக்கர், அந்நாட்டு வானொலிக்காகவே இந்த வகையில் செய்யப்பட்டது.

வீட்டில் இவற்றை வைத்தால் தனி ஆம்ப்ளிபையர் வேண்டாம். ஆனால் ஒவ்வொரு ஸ்பீக்கர் பெட்டிக்கும் ஒரு பிளக் வேண்டும். தொல்லை அங்கேதான் தொடங்குகிறது.

என் வீட்டில் நடந்தது. வலது ஸ்பீக்கருக்கும் கணினிக்கும் கூடத்து சுவிட்ச் போர்டிலிருந்து மின்சாரம். இடது பெட்டிக்கு ஒயர் எட்டவில்லை. பக்கத்து அறையிலிருந்து இழுத்தேன். அன்று மாலை வீணை கேட்டுக்கொண்டிருந்தோம். ஆலாபனை ஓய்ந்த இடத்தில் அம்மா தலையைத் திருப்பி, "தம்பூரா சுருதி சேரவில்லையே" என்றார். அவர் வீணை கற்றவர். பாட்டை நிறுத்தினேன். அந்தத் தம்பூரா நிற்கவில்லை! இடது பெட்டியிலிருந்து 'ம்ம்ம்' என்று வந்துகொண்டே இருந்தது. கணினியிலிருந்து வரும் ஒலி ஒயரை உருவினேன், அடங்கிவிட்டது. செருகினேன், மறுபடியும் 'ம்ம்ம்'.

அது நம் மின்சாரத்தின், நொடிக்கு 50 சுழற்சி ஓசை. இரண்டு போர்டுகளின் எர்த்துக்கும் இடையே சிறு வேறுபாடு இருந்தால், ஒலி ஒயரின் உலோக உறை வழியாக மின்சாரம் ஓடும். அதைத்தான் ஸ்பீக்கர் பாடுகிறது.

கடையில் ஒருவர் சொன்ன வழி: "பிளக்கில் அந்தப் பெரிய முனையை எடுத்துவிடுங்கள், சரியாகிவிடும்." அதுதான் எர்த் முனை. எடுத்தால் இரைச்சல் நிற்கலாம். ஆனால் உள்ளே ஒரு ஒயர் தளர்ந்து பின்புறத்து உலோகத் தகட்டைத் தொட்டால், 230 வோல்ட் தொடுகிறவர் கைக்கு வரும். வீட்டில் குழந்தைகள் இருக்கிறார்கள். தயவுசெய்து எர்த் முனையைப் பிடுங்காதீர்கள். மறுபடியும் சொல்கிறேன், பிடுங்காதீர்கள்.

நான் செய்தது எளிது. நல்ல மூன்று முனை எக்ஸ்டென்ஷன் பெட்டி ஒன்றை வாங்கி, கணினி, இரண்டு ஸ்பீக்கர் மூன்றையும் அதிலேயே செருகினேன். மூன்றுக்கும் எர்த் ஒன்றே ஆனது. அம்மாவை உட்கார வைத்து அதே ஆலாபனையைப் போட்டேன். தந்தி அதிர்ந்து அடங்கும் கடைசி இழைவரை கேட்டது.

நேரமாகிவிட்டது என்று கை காட்டுகிறார்கள். ஸ்பீக்கரை எங்கே வைப்பது என்று விரிவாகச் சொல்ல இருந்தேன். சுவர் மூலையில் மட்டும் வேண்டாம். மிருதங்கத்தின் தொப்பி, குடத்துக்குள் அடிப்பதுபோல் கேட்கும். போடும்போது ஸ்பீக்கரைக் கடைசியாகப் போடுங்கள், அணைக்கும்போது அதை முதலில் அணையுங்கள். 'டப்' என்ற அதிர்ச்சி அதற்கு ஆகாது. வணக்கம்.