கைமணிக்கூடு எப்பிடி மணி அடிக்குது? சந்தேகத்துக்கு விளக்கம்

அடுத்த கேள்வி புதுக்குடியிருப்பில இருந்து ஒரு தம்பி கேட்டிருக்கிறார். "அண்ணை, ஒரு வீடியோவில கைமணிக்கூட்டின்ர பக்கத்தில இருந்த தட்டைத் தள்ளிவிட, அது டிங் டிங் எண்டு நேரத்தை அடிச்சுக் காட்டிச்சு. உள்ளுக்க ஸ்பீக்கரோ? ஏன் கோடிக்கணக்கில விலை?" எண்டு. வீட்டில அம்மப்பா விட்டிட்டுப்போன சுவர்மணிக்கூடு ஓடுது, ஆனா அடிக்குதில்லையாம், அதையும் கேட்டிருக்கிறார்.

தம்பி, ஸ்பீக்கரும் இல்லை, பற்றறியும் இல்லை. அதுக்குப் பேர் மினிட் ரிப்பீற்றர். இது இருட்டுக்காகச் செய்த சாமான். எங்கட ஆக்களுக்கு இது வடிவா விளங்கும். சண்டைக் காலத்தில பொருளாதாரத் தடை இருக்கேக்க பற்றறி வராது, வன்னியில சாவி குடுக்கிற மணிக்கூடுதான் ஓடினது. ராவில நேரம் பாக்க எழும்பி ஜாம் போத்தல் விளக்கைக் கொளுத்தோணும். ஐரோப்பாவிலயும் கரண்ட் இல்லாத காலத்தில அதே கரைச்சல்தான். 1687ல இங்கிலாந்தில டானியல் குவேர், எட்வேர்ட் பார்லோ எண்டு ரெண்டு மணிக்கூட்டுக்காரர் இப்பிடி நேரத்தை அடிச்சுக் காட்டுற வேலைப்பாட்டின்ர உரிமைக்கு வழக்காடி, ராசா குவேரின்ர பக்கம் தீர்த்தவர். அது சட்டைப்பை மணிக்கூட்டுக் காலம். அது கைக்கு வந்தது 1892ல, ஓடுமாஸ் பிகே எண்ட சுவிஸ் கொம்பனி செய்த இயந்திரத்தோட.

தட்டைத் தள்ளேக்க, அடிக்கிறதுக்கெண்டே இருக்கிற தனி ஸ்பிரிங் ஒண்டு இறுகும். ரெண்டு குட்டிச் சுத்தியல், ரெண்டு உருக்குக் கம்பி. 9 மணி 47 எண்டு வையுங்கோவன். தடிச்ச சத்தத்தில 9 அடி, பிறகு ரெண்டு கம்பியும் சேர்ந்து டிங்-டொங் எண்டு 3 தரம், அது 45 நிமிசம், கடைசியா மெல்லிய சத்தத்தில 2 அடி. 12.59க்குத்தான் ஆகக் கூட அடிக்கும்.

எத்தினை அடி எண்டு அதுக்கு எப்பிடித் தெரியும்? உள்ளுக்க நத்தை ஓடு மாதிரிச் சுருண்ட தகடு ஒண்டு இருக்கு. பேரே நத்தைதான். மணிக்குரியதில 12 படி. ஒரு நெம்புகோல் வந்து அந்தப் படியில விழும். எவ்வளவு ஆழமா விழுதோ அவ்வளவு பல் சுத்தியலைத் தட்டிவிடும். எண்ணுறதுக்கு மூளை வேண்டாம், படி போதும். எனக்கு இதை நினைக்க நினைக்க மெய்சிலிர்க்கும்.

ஆனா விலை அதில மட்டும் இல்லை, சத்தத்தில இருக்கு. அந்தக் கம்பி நல்ல மெல்லிசு, இயந்திரத்தைச் சுத்தி வளைஞ்சு கிடக்கும், ஒரு முனைதான் பொருத்தியிருக்கும். இப்பிடிக் கம்பி வைக்கிற யோசனை பிரெகே எண்ட மணிக்கூட்டுக்காரரின்ரது, 1783. பொருத்தின அடியை அரத்தால ஒரு இழை ராவ, சுருதி மாறும். கூட ராவினால் திருப்பி ஒட்டேலாது, வேற கம்பிதான். தவில், மிருதங்கம் சுருதி சேர்க்கிறவைக்கு அந்தப் பயம் தெரியும், ஆனா அவைக்குத் திருத்த வழி இருக்கு. மணிக்கூட்டின்ர வெளிக்கூடும் முக்கியம். பிளாட்டினம் சத்தத்தை அமுக்கும், செந்தங்கம் நல்லா விடும். கோயில் மணியைக் கையால பிடிச்சுக்கொண்டு அடிச்சுப் பாருங்கோ, விளங்கும். படேக் பிலிப் கொம்பனியில தலைவரே ஒவ்வொண்டையும் காதால கேட்டுத்தான் வெளியில விடுறவர். மெசினில அளந்தாலும் கடைசித் தீர்ப்பு காதுக்குத்தான்.

ஒரு விசயம், அது அடிச்சுக் கொண்டிருக்கேக்க முள்ளைத் திருப்பக் கூடாது. பல்லு உடையும்.

இப்ப அம்மப்பான்ர மணிக்கூடு. முகப்பில ரெண்டு துவாரம் இருக்கோ? அனேகமா வலது பக்கம் ஓடுறதுக்கு, இடது பக்கம் அடிக்கிறதுக்கு. ரெண்டும் வேற வேற ஸ்பிரிங். கன பேர் ஒரு பக்கம்தான் சாவி குடுக்கினம். இடது பக்கத்துக்கும் மெதுவாக் குடுத்துப் பாருங்கோ. முட்டினால் நிப்பாட்டுங்கோ, மேல இறுக்க வேண்டாம். அதுக்கும் அடிக்காட்டி எண்ணெய் ஒண்டும் விடாமல் அப்பிடியே கடைக்குக் கொண்டு வாங்கோ. தேங்காய் எண்ணெய் விட்டுக் கொண்டு வந்ததுகளைக் கழுவவே எனக்கு ஒரு நாள் போகும்.